த்ரீ டென்னுக்கு ஒரு தோட்டா

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையை மூடுகிறார்களாம், உள்ளே மூட்டை மூட்டையாகப் பழைய தோட்டா கிடக்கிறதாம், கேட்பவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்களாம் என்ற செய்தியைக் கீழ்க்கட்டளைக்குக் கொண்டுவந்தவள் பூக்காரி சரசு. அவள் கண்ணால் பார்த்ததில்லை. வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் அவள் கொழுந்தன் சொன்னது. அவனுக்கு யார் சொன்னார்களோ.

"அள்ளிக் குடுக்கறதுக்கு அது இன்னா பொரியா?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நான் இன்னாத்த கண்டேன் அக்கா, கேட்டத சொல்றேன். எங்கயும் கெடைக்கலன்னு பொலம்பிகினு இருந்தியேன்னு பாத்தேன். வோணும்னா போ, வோணாம்னா சாமி படத்துக்கு ஒரு மொழம் வாங்கு."

பூவையும் வாங்கினாள், செய்தியையும் வாங்கிக்கொண்டாள்.

அவள் பீரோவில் இருக்கும் துப்பாக்கி அப்பா வாங்கியது. தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனார். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் ரகம். கீழே இருக்கும் இரும்புப் பிடியை இழுத்தால் காலித் தோட்டா சூடாகத் துள்ளி விழும். அதன் தோட்டா அளவு த்ரீ டென், அதாவது மூன்று பத்து. அப்போது நன்மங்கலம் காட்டிலிருந்து பன்றிகள் கடலைக்கொல்லைக்கு இறங்கிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பன்றிக்கும் பனைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அவர் டார்ச் அடிக்க, தாவணி போட்ட சாமுண்டீஸ்வரி சுடுவாள். கொன்றது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் அந்தச் சத்தத்துக்கே திரும்பி ஓடிவிட்டன. காட்டில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வரும்போது அப்பா ஒவ்வொரு முறையும், "போதும், தூங்கலாம்" என்பார்.

கல்யாணமாகியும் அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் அவள் பெயருக்கு வந்தது. கொல்லை மனையாயிற்று, மனை அடுக்கு மாடியாயிற்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பதால், பழைய போர்வையில் சுற்றிய அதை ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போவாள். முடிவு வந்தபின் போய் அழைத்துக்கொண்டு வருவாள். பிறந்தவீடு போய்த் திரும்பும் மருமகளைப் போல அது வந்து பீரோவுக்குள் நிற்கும்.

கடைசி முறை போனபோது இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் சொன்னார். "லைசென்ஸ் முடியப்போகுதும்மா. பையனும் வேணாங்கறாரு. சரண்டர் பண்ணிடுங்களேன்."

"குடுத்துடறேன் சார். ஒரே ஒரு வாட்டி சுட்டுட்டுக் குடுக்கறேன்."

"துப்பாக்கி சுடற ரேஞ்சுல போய் முறையா சுட்டுட்டு வாங்க, யாரு வேணாம்னா? நானே அனுமதிக்கு எழுதித் தரேன்."

சுடுவதற்குத் தோட்டாதான் இல்லை. அந்த அளவைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஒரு கடைக்காரன் மூன்று பதினைந்து அளவை எடுத்துவைத்து, "அஞ்சுதானேம்மா வித்தியாசம்" என்றான். "உன் வூட்டுப் பூட்டுக்குப் பக்கத்து வூட்டுச் சாவியப் போட்டுப் பாரு, அதுவும் கொஞ்சம்தான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

ஏ.சி. சர்வீஸ் செய்யும் மகன் குப்புராஜுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "அம்மா, யூடியூப்ல போட்டா நூறு துப்பாக்கிச் சத்தம் வரும். ஸ்பீக்கர்ல கேட்டுக்கோயேன்."

"உங்கப்பா குரலக்கூடத்தான் போன்ல பதிஞ்சு வச்சிருக்க. அதுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்க முடியுதா?"

அவளுக்கு இடது காது போன வருஷமே படுத்துவிட்டது. வலது காதைப் பற்றியும் டாக்டர் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும். மறுநாள் வேலையை ஆளிடம் விட்டுவிட்டு மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப் போனான்.

கடையை மூடுவது உண்மை. மூட்டைதான் பொய். முதலாளி தட்சிணாமூர்த்தி லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏணி ஏறி, மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான். பித்தளையில் பச்சை பிடித்திருந்தது. ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"வெடிக்குமான்னு நான் கேரண்டி குடுக்கமாட்டேன். பழசு."

"வெடிக்கும்" என்றாள், நேற்று சுட்டவளைப் போல.

"சரி, காலி எங்கம்மா?"

"எந்தக் காலி?"

"சுட்டது. பழைய காலித் தோட்டா ஒண்ணு குடுத்தா புதுசு ஒண்ணு. அதான் எங்களுக்கு உத்தரவு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமலென்ன. அந்தக் காலத்தில் கடலைச் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டு, ஒரு காலி விடாமல் பொறுக்கிப் பால்பவுடர் டின்னில் சேர்த்தவள் அவள்தான்.

"கோயில் மணியில இருக்குது சார்."

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். குப்புராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தபோது மணி வார்க்க வீட்டுக்கு வீடு பித்தளை கேட்டார்கள். உடைந்த விளக்கு, அடி தேய்ந்த சொம்பு என்று ஆளாளுக்குக் கொடுத்தார்கள். தோட்டாவே வராதபோது காலிக்கு என்ன வேலை என்று அவள் டின்னோடு கவிழ்த்துவிட்டாள். பெருமையாகக்கூட இருந்தது.

"மணிய கழட்டிக்கினு வந்தா ஒத்துக்குவீங்களா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "அளவு பாக்கணுமேம்மா. வெள்ளிக்கிழமை சரக்கு மொத்தத்தையும் போலீஸ்ல ஒப்படைக்கிறோம். அதுக்குள்ள ஒரே ஒரு காலி கொண்டாங்க. எடுத்து வைக்கிறேன்." கையை நீட்டினார். அவள் விரல்களைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

திரும்பும் வழியில் பல்லாவரம் சிக்னலில் பக்கத்துப் பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுத்தார். சாமுண்டீஸ்வரி வலது காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"குப்பு, தினகரன்னு ஒருத்தரு, பொத்தேரியில மாடி கட்டி காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்காரே, அவர் ரூமுக்கெல்லாம் நீதான ஏ.சி. பாக்கற?"

"ஆமா. ஏன்?"

தினகரன் அந்த நாளில் அடுத்த தெருப் பையன். கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே விசிலைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றார். கத்தரிக்காய்க் கூடையோடு பஸ் ஏறிய சாமுண்டீஸ்வரி மடியிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்து, கீழுதட்டில் வைத்து ஊதிக் காட்டினாள். ஊரில் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் ஊதுவார்கள். "டிக்கெட்டுக்கு பதிலா வச்சிக்கோ" என்றாள். "இது ஆயுசுக்கும் பாஸு" என்றார் அவர். ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். டிப்போவில் வேறு விசில் கொடுத்த பிறகும் அவர் அதைத்தான் ஊதினார். ஓய்வுபெறும்வரை ஊதினார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால் அவள் கூடையைத் தூக்கிக்கொள்வாள். அதற்கு மேல் இருவரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை. பேசவேண்டும் என்று தோன்றிய வயதில் அவளுக்குப் பரிசம் போட்டுவிட்டார்கள்.

"அவர்கிட்ட ஒண்ணு இருக்கும்" என்றாள். "இருக்கணும்."

"இவ்ளோ வருஷம் கழிச்சா? இருந்தாலும், குடுத்தத எப்படிம்மா திருப்பிக் கேப்ப?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் துப்பாக்கி ஊமையாகவே போகும். இருக்கிறது என்று சொன்னால், அதை வாங்கி ஒரு கடைக்காரரின் டப்பாவில் போடவேண்டும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, குப்புராஜ் நம்பரைப் போட்டு போனை நீட்டினான். "நீயே பேசு. நான் கேட்டா நல்லாருக்காது."

அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, போனை வலது காதில் அழுத்தினாள். மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

"தூங்குவாரு" என்றான் அவன்.

"சாயங்காலத்துலயா? ஒடம்பு கிடம்பு..."

"எம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. மறுபடி போடறேன்."

மறுபடி போட்டான். பொத்தேரியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ன கேட்பது என்பதை அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. "எடுங்க" என்றாள், மெதுவாக.