ஹிதாயாவின் விரல் நோவு

ஏறாவூரில் ஒரு பெண் ஆட்டோ ஓட்டிப் போனால் இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. ஊரை அப்படிப் பழக்கியவள் ஹிதாயா. கணவர் முத்தலிப் கட்டாரில் வேலையில் இருந்த காலத்தில், வீட்டு வாசலில் சும்மா நின்ற ஆட்டோவைத் தானே ஓட்டிப் பழகினாள். முதலில் மகள் இர்ஷானாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். பிறகு கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகளும் செங்கலடிச் சந்தைக்குப் போகும் பெண்களும் அவளைத் தேடி வந்தார்கள். முத்தலிப் ஊர் திரும்பிப் புடவைக்கடை வைத்த பிறகும் அவள் ஆட்டோவை விடவில்லை.

ஐம்பது தாண்டிய பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை, மருந்து ஏற்றுதல், கதிர்ச் சிகிச்சை என்று ஒரு வருடம் கழிந்தது. கொட்டிய முடி மறுபடி முளைத்தது. எல்லாம் முடிந்ததும் டொக்டர் ஒரு சின்னக் குளிசையைக் கொடுத்து, தினமும் ஒன்று, ஐந்து வருடம் விழுங்க வேண்டும் என்றார். அவளுக்கு வந்த புற்றுநோய்க்கு உடம்பில் ஊறும் ஹோர்மோன்தான் தீனி, அதைக் குறைக்கவே இந்தக் குளிசை என்று விளக்கினார். பட்ட பாட்டோடு பார்த்தால் ஒரு குளிசை என்ன பெரிய விஷயம் என்று ஹிதாயா நினைத்தாள்.

முதலில் சூடு வந்தது. நெஞ்சுக்குள் யாரோ நெருப்பு மூட்டியது போல் திடீரென்று ஏறும். கழுத்தும் முகமும் சிவந்து, அபாயா முதுகோடு ஒட்டும். ஒரு நாள் கொட்டும் மழையில் பள்ளிப் பிள்ளைகளோடு போகும்போது, பின்னால் இருந்த சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"மாமி, மழைக்குள்ளயும் ஒங்களுக்கு வேர்க்குதா?"

"எனக்குள்ள ஒரு அடுப்பு எரியிது புள்ள. குளிர் எண்டா கிட்ட வா," என்றாள் ஹிதாயா. வண்டியே சிரித்தது.

சூட்டை அவளால் சமாளிக்க முடிந்தது. மெல்லிய பருத்தியில் புது அபாயா தைத்துக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பதை விட்டாள். ஆனால் சில மாதங்களில் விரல் நோவு தொடங்கியது. காலையில் எழும்பினால் இரண்டு கையும் மடங்காது. முழங்கால்கள் கட்டை போல் விறைத்திருக்கும். அது அவளைப் பயமுறுத்தியது. வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணுக்கும் முதலில் எலும்பு நோவுதான் வந்தது. "எலும்புக்குப் பரவிட்டு" என்று அந்தப் பெண்ணின் உறவினர்கள் வெளியே நின்று கதைத்தது ஹிதாயாவின் காதில் அப்படியே இருந்தது.

எனக்கும் பரவிவிட்டது என்று அவளாகவே முடிவுசெய்தாள். கிளினிக்கில் கேட்டால் "சுகமா இரிக்கன்" என்பாள். வீட்டிலும் மூச்சு விடவில்லை. நல்ல சீலைகளைத் தங்கை றஸீனாவுக்குக் கொடுத்தாள். இர்ஷானா வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்துதான் கலியாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். ஹிதாயா இப்போதே நடத்த வேண்டும் என்று நின்றாள்.

"என்னத்துக்கு இந்த அவசரம்? புள்ள படிச்சி முடிக்கட்டுமே," என்றார் முத்தலிப்.

"நாளைக்கி என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

இர்ஷானா அழுதாள். தாயோடு முகம் கொடுத்துப் பேசாமல் சில நாட்கள் இருந்தாள். ஹிதாயா அதையும் தாங்கிக்கொண்டாள். காரணத்தைச் சொல்லவில்லை.

ஒரு காலை, கர்ப்பிணி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு செங்கலடிச் சந்தியில் திரும்பும்போது அவளது இடது கை கிளச்சைப் பிடிக்க மறுத்தது. ஆட்டோ குலுங்கி நடுச்சந்தியில் நின்றுவிட்டது. பின்னால் பதுளை பஸ் ஹோர்ன் அடித்தது. சந்தியில் நின்றவர்கள் ஓடிவந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் இருந்தவள் வயிற்றில் கைவைத்து வெலவெலத்துப் போனதை ஹிதாயா பார்த்தாள். அன்றோடு ஓட்டுவதை நிறுத்தி, ஆட்டோத் திறப்பை வீட்டு ஆணியில் மாட்டினாள். கை உளுக்கிவிட்டது என்று முத்தலிப்பிடம் சொன்னாள்.

அடுத்த கிளினிக் நாளில், முறைக்காகக் காத்திருக்கும் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் கல்லடியிலிருந்து வந்த செபஸ்தியம்மா இருந்தாள். முன்பின் தெரியாதவள். தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"தங்கச்சி, இந்த மூடியக் கொஞ்சம் திறந்து தாங்களன். காலமையில என்ட விரல் ஒண்டுக்கும் உதவாது."

ஹிதாயா வாங்கித் திருகினாள். மூடி அசையவில்லை. இன்னொரு முறை திருகிவிட்டு விரல்களை உதறினாள். செபஸ்தியம்மா அந்த உதறலைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் ஹோர்மோன் குளிசையா?"

"ஓம்."

"அப்ப ரெண்டு பேரும் தாகத்தோட இருக்க வேண்டியதுதான்," என்று சிரித்தாள் செபஸ்தியம்மா.

ஹிதாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, இது... எலும்புக்குப் பரவினதால வாற நோவு இல்லையா?"

செபஸ்தியம்மா அவளது கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அந்தப் பயம் இருந்திச்சு. எனக்கு இது குளிசை செய்யிற வேலை எண்டு டொக்டர் சொன்னவ. உங்களுக்கு என்னெண்டு அவதான் பாத்துச் சொல்லோணும். இண்டைக்கு ஒண்டும் ஒளிக்காமச் சொல்லுங்க."

உள்ளே போனதும் ஹிதாயா டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் ஓர் இளம்பெண். விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி நோகுது. எழும்பின உடனே நோவு கூட, நடமாடக் குறையுது. குளிசையால வாற மாதிரித்தான் இருக்கு. எதுக்கும் சோதிச்சுப் பாப்பம். இவ்வளவு நாளா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா உண்மையாகிடும் எண்டு பயந்தன் டொக்டர்."

எலும்புப் படங்களும் இரத்தப் பரிசோதனைகளும் எடுத்தார்கள். முடிவு கேட்க ஹிதாயா தனியாகவே போனாள். எலும்பில் ஒன்றுமில்லை, நோய் பரவவில்லை என்றார் டொக்டர். குளிசையைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம், பிறகு அதே வேலையைச் செய்யும் வேறு குளிசைக்கு மாறலாம். தினமும் நடக்க வேண்டும். "நிப்பாட்டுறதெண்டா என்னட்டக் கேட்டுத்தான். நீங்களா விடப்படாது," என்று அழுத்திச் சொன்னார்.

ஹிதாயா வெளியே வந்து முத்தலிப்புக்கு அழைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ், எலும்புக்குப் போகல்லயாம்."

"என்ன போகல்ல?"

அப்போதுதான் அவருக்கு எதுவுமே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. வீதியோரம் நின்று அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நீ மௌத்தாகப் போறன் எண்டு நினைச்சா சீலையெல்லாம் பங்கு வச்ச?"

"ஓம்."

"பைத்தியக்காரி," என்றார் முத்தலிப். "நில்லு அங்கயே. பஸ்ஸில ஏறாத. நான் வாறன்."

கடையைப் பூட்டிவிட்டு வந்து அவளைக் கூட்டிப் போனார். அன்று மாலை இர்ஷானா தாயின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். "என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே உம்மா," என்றாள். கலியாணம் பழையபடி பரீட்சைக்குப் பிறகு என்றானது.

மூன்றாம் வாரத்தில் விரல்கள் இளகத் தொடங்கின. புதுக் குளிசை தொடங்கியதும் நோவு திரும்பியது, ஆனால் பாதியாக. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெல்ல மடக்கி நீட்டுவாள். அதிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு முத்தலிப்போடு வாவிக்கரையால் நடப்பாள். முதலில் முழங்கால் முனகும், பிறகு விட்டுக்கொடுக்கும். கிளச்சை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி இலகுவாக்கிக்கொண்டு, பள்ளி ஓட்டத்தை மறுபடி எடுத்தாள்.

சூடு இன்னும் விட்டபாடில்லை. ஏறினால் ஆட்டோவை நிழலில் நிறுத்திவிட்டு, ஏறியிருப்பவர்களிடம் தன் நோயையும் குளிசையையும் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவாள். அப்படிக் கேட்ட ஒருத்தி அண்மையில் தன் மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி அவளிடம் மெதுவாகச் சொன்னாள். ஹிதாயா ஆட்டோவைத் திருப்பி நேரே கிளினிக்குக்கு ஓட்டினாள்.