மூன்று மணி வெயிலில் ஒரு கடல் இருட்டு

நாடகம் ராத்திரி இல்லை, மத்தியானம் இரண்டரை மணிக்கு என்று ஸ்டெல்லா டீச்சர் போனில் சொன்னபோது நான் புவனகிரியில் விளக்கைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லைட் செட்காரனிடம் பகலில் நாடகம் என்பது, சமையல்காரனிடம் அடுப்பு கிடையாது என்பது மாதிரி.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் சேத்தியாத்தோப்பு முதல் கடலூர் வரை எந்தத் திருவிழா மேடையில் நிலா உதித்தாலும் அது என் கையால் உதித்ததுதான். எந்த முகத்துக்கு விளக்கில் எந்தக் கலர் ஜெலட்டின் தாள் கட்டுவது என்று காலேஜ் படித்தவர்களே என்னிடம் கேட்டுப் போவார்கள். இப்போது லைட் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்டெல்லா டீச்சர் கடலூர் மாதா கோயிலைச் சேர்ந்தவர். இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்து முகாமில் இருப்பவர்கள் தங்கள் கதையைத் தாங்களே நடிக்கிற நாடகம் ஒன்றைச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தயார் செய்துகொண்டிருந்தார். அவர்கள் மாலை ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் பகல்.

என் சிக்கல் வேறு. புஷ்பராணிக்கு இருட்டு தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

புஷ்பராணி முகாமில் தையல் மிஷின் வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். ஒன்பது வயதில் அம்மாவோடு படகில் ஏறியிருக்கிறார். அப்பா அவர்களை ஏற்றிவிட்டு, தன் தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அடுத்த படகில் வருவதாகத் திரும்பிப் போனார். "போயிட்டு வாறன் பிள்ளை" என்றார். விட்டுவிட்டுப் போகிறாரே என்ற கோபத்தில் இவர் பதில் சொல்லவில்லை. அப்பா வரவேயில்லை.

அன்று சொல்லாத அந்தப் பதிலை இப்போது மேடையில் சொல்ல வேண்டும். அப்பாவாக நடித்தவர் செல்வம், சிதம்பரத்து பஸ் கண்டக்டர். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் புஷ்பராணி நின்றுவிடுவார்.

ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். "அண்ணை, அண்டைக்கு அப்பாவின்ட முகம் தெரியேல்ல. இருட்டில உருவம் மட்டும்தான். இஞ்ச செல்வத்தின்ட முகத்தைப் பார்த்தவுடன, இது அப்பா இல்லையெண்டு தெரிஞ்சிடுது. வாய் வருகுதில்லை."

செல்வம் பக்கத்தில்தான் இருந்தார். "நான் இன்னாக்கா பண்றது? மூஞ்சியக் கழட்டி பையிலயா வச்சிக்க முடியும்?"

புஷ்பராணி சிரித்துவிட்டார். "இருட்டுதான வேணும்? நானாச்சும்மா" என்றேன் நான்.

அப்புறம்தான் அந்த போன். ஷாமியானா போடும் என் மச்சான் தாஸ் விஷயத்தைக் கேட்டதும் என்னைச் சும்மா விடவில்லை.

"இன்னா மாமா, பட்டப்பகல்ல ராத்திரி காட்டப்போறியாமே? சூரியனுக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டியா?"

"வாய மூடிட்டு தார்ப்பாய எடுத்துனு வா மச்சான். நீலம். பழசா பாத்து எடுத்துனு வா."

நாடகத்துக்கு முதல் நாளே மைதானத்தில் பந்தல் போட்டு மேலேயும் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டினோம். வெளியே உச்சி வெயில். உள்ளே ஆழத்துத் தண்ணீர் மாதிரி ஒரு நீலம். பெஞ்சுகள், எங்கள் கைகள், தாஸின் வெள்ளைச் சட்டை எல்லாம் அதில் மிதந்தன. பழைய தார்ப்பாயின் பொத்தல்கள் எல்லாம் நட்சத்திரமாகிவிட்டன. காற்றடித்தால் வானமே மூச்சு விடுவது போல் ஏறி இறங்கியது. எந்த டிம்மரிலும் அந்த நீலம் வராது.

கடைசி ஒத்திகைக்கு வந்த புஷ்பராணி அண்ணாந்து பார்த்தார். "அண்டைக்கும் இப்பிடித்தான் அண்ணை வானம் கிடந்தது" என்றார். பிறகு செல்வத்தைப் பார்த்தார். "ஆனா முகம் தெரியுது."

மேலே இன்னொரு அடுக்கு கட்டினேன். நட்சத்திரம் போனது, முகம் போகவில்லை. அடுக்கைக் கழற்றிவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். மேடைக்குப் பின்னால், மேற்குப் பக்கத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். பின்னால் முழு வெயில். ஆள் கரிக்கோடாகத் தெரிந்தான்.

"யாரு?" என்றேன்.

"இன்னா மாமா, மச்சானையே தெரியலயா?"

எழுந்து நின்றேன். எதிர்வெளிச்சத்தில் ஆளை நிறுத்தினால் முகம் போய்விடும் என்று நாற்பது வருஷமாக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். அந்தத் தப்புதான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது. யோசனை தன்னுடையது என்று தாஸ் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். தார்ப்பாயைத் திறந்தவன் அவன், பார்த்தவன் நான்.

அந்த இடத்தில் வாசல் மாதிரி வெட்டி, கயிற்றில் ஏறி இறங்கும் மறைப்பு வைத்தேன். சூரியன் எத்தனை மணிக்கு அதற்கு நேராக வரும் என்று குச்சி நட்டுப் பார்த்துக் குறித்தேன். படகுக் காட்சி சரியாக மூன்று மணிக்கு வருகிற மாதிரி டீச்சர் மாற்றி அமைத்தார்.

மறுநாள் பந்தல் நிறையக் கூட்டம். மூன்று மணிக்குக் கயிற்றை இழுத்தேன். வாசலில் செல்வம் நின்றார். முகம் இல்லை, தோளும் தலையும் மட்டும்.

"போயிட்டு வாறன் பிள்ளை."

செல்வம் திரும்பி இரண்டடி எடுத்து வைத்தார். அங்கே நான் கயிற்றை விட வேண்டும், அதுதான் எனக்கான சைகை, க்யூ. புஷ்பராணி இன்னும் பதில் சொல்லவில்லையே. என் கை விடவில்லை.

மறைப்பு விழாததால் செல்வம் நடந்துகொண்டே இருந்தார். மைதானத்தில் வெயில் அலையடித்தது. அதில் அவர் கால் தெரியவில்லை; தண்ணீர்மேல் போவது போல் போனார். வேப்ப மரத்தைத் தாண்டினார். கை அளவு ஆனார், விரல் அளவு ஆனார்.

"போயிட்டு வாங்கோ அப்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. செல்வத்துக்குக் கேட்டிருக்காது. அவர் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி மறைகிற வரை புஷ்பராணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இப்ப மூடுங்கோ அண்ணை."

கயிற்றை விட்டேன். நீலம் வந்து எல்லாரையும் மூடிக்கொண்டது.

ஆறு மணிக்கு முன்பே முகாமில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் க்யூவைத் தவறவிட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் லைட்டை இறக்கும் முன் ஸ்கிரிப்டைப் பார்ப்பதில்லை. நிற்கிற ஆள் பார்த்து முடித்துவிட்டாரா என்றுதான் பார்க்கிறேன்.