பாறைக்குள் கேட்ட பாட்டு

மிக்நேயாவுக்குப் பின்னால் கல்கூடை சுமந்தவன் நான். எருசலேமில் அவரைப் போலப் பாறை குடைகிறவர் அப்போது யாரும் இல்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பணக்காரர்களுக்குக் கல்லறை வெட்டியே கை பழுத்தவர். சுத்தியலால் தட்டிவிட்டுக் காதை வைத்தாரென்றால், உள்ளே கல் கெட்டியா பொள்ளலா என்று சொல்லிவிடுவார்.

அசீரியாக்காரன் படையோடு வருகிறான் என்றதும், மதிலுக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றை மலைக்கு அடியில் குடைந்து ஊருக்குள் கொண்டுவர எங்கள் ராஜா உத்தரவிட்டார். ஊற்றுப் பக்கமிருந்து எங்கள் கூட்டம் வெட்டியது. ஊருக்குள் இருந்த குளத்துப் பக்கமிருந்து எதிரே வெட்டி வந்த கூட்டத்துக்குச் செபுவேல் தலைவன். மிக்நேயாவின் மனைவி ஓக்லாளுடைய தம்பி. ஆலயத்துப் பாட்டெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சுருதி சேராவிட்டாலும் பாடிக்கொண்டேதான் பாறையில் குந்தாலி போடுவான்.

ஓக்லாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கும் மிக்நேயாவுக்கும் எப்போதும் ஒரே வழக்கு.

"வனாந்தரத்துல ஆண்டவருக்குக் கூடாரம் செஞ்சவனுக்கு அந்தக் கைவேலையை அவரே குடுத்தாராம் மச்சான். உங்களுக்கும் அவர்தான் குடுத்திருக்கார்."

"எனக்கு எங்கப்பன் குடுத்தான். முதுகுல தழும்பு இருக்கு, பாக்குறியா?"

"உங்கப்பனுக்கு?"

"அவனுக்கு அவனப்பன். நீ இப்படியே ஆதாம் வரைக்கும் போவ. ரொட்டியை எடு மாப்ள."

ஓக்லாள் சிரித்துக்கொண்டே ஒலிவக்காயைத் தள்ளி வைப்பாள்.

மலையின் நடுவயிற்றை நெருங்கியபோது எதிர்க் கூட்டத்தின் சத்தம் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. மிக்நேயா தட்டிப் பார்த்து, "இடது பக்கம்" என்றார். வெட்டினோம். வெட்ட வெட்டச் சத்தம் தேய்ந்துபோனது. மறுபடி தட்டினார், மறுபடி திருப்பினார். கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. அகல்விளக்குப் புகையில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். கூட்டத்தில் ஒருவன், "இவரு காது கல்லறைக்குத்தான் லாயக்கு" என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. ஓக்லாள் கேட்டாள்: "ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா?"

"எனக்குத் தட்டத்தான் தெரியும். கேக்கத் தெரியாது."

"அப்போ தட்டாம இருந்து பாருங்க."

மறுநாள் உள்ளே போனதும் எல்லோரையும் குந்தாலியைக் கீழே வைக்கச் சொன்னார். விளக்கடியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். உதடு அசைந்தது, என்ன கேட்டாரோ தெரியாது. நாங்கள் காத்திருந்தோம். அப்புறம் சட்டென்று வலது சுவரில் கன்னத்தை வைத்தார். என்னையும் இழுத்து வைத்தார். பாறையில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் வழியாக யாரோ பாடுவது கேட்டது. பாதிப் பாட்டு சுருதி தப்பியிருந்தது.

"செபுவேலேதான்," என்றார். பிறகு விரிசலில் வாயை வைத்து, "மாப்ள, பாட்டை நிறுத்தாத" என்று கத்தினார்.

அந்தப் பாட்டு வந்த திசையைப் பிடித்துக்கொண்டே வெட்டினோம். சாயங்காலத்துக்குள் குந்தாலியும் குந்தாலியும் முட்டின. ஓட்டை வழியே செபுவேலின் முகம் சுண்ணாம்புத் தூள் அப்பித் தெரிந்தது.

"இந்த விரிசலை வெட்டினது யாரு மச்சான்?" என்றான் முதல் வார்த்தையாக.

"நான் இல்ல," என்றார் மிக்நேயா. "மத்ததெல்லாம் நாங்க வெட்டினது. அதையும் சேத்துச் சொல்லு."

"சொல்றேன். வெட்டின அந்தக் கையும் ஆண்டவர் குடுத்ததுதானே?"

மிக்நேயா சிரித்தார்.

தண்ணீர் குளத்துக்குள் வந்த அன்று ஓக்லாள்தான் முதல் குடம் மொண்டாள். அசீரியாக்காரன் வந்தான், மதிலைப் பார்த்துக்கொண்டே கிடந்தான், போய்விட்டான். நாங்கள் தாகத்தால் வாடவில்லை. மிக்நேயா பழையபடி கல்லறை வெட்டப் போனார். ஆனால் எந்தப் பாறையிலும் சுத்தியல் வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். நாங்களும் கூடையை இறக்கிவிட்டுக் காத்திருப்போம்.