மழைக்கு எடுத்த துணி

அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் பட்டப்பகலில் துணி திருட்டுப் போக ஆரம்பித்தது. பின்சந்தில் மூங்கில் கழிகளில் காயப்போட்ட வேட்டி, சேலை எதுவும் தங்கவில்லை. ஆண்கள் துறைமுக வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் பெண்களே காவல் காப்பதென்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்ன, நான்தான் வீடு வீடாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தேன். வாய்க்கு அப்போது குறைச்சலே இல்லை. ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒரு முக்காலி, ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரு கரண்டி. திருடனைக் கண்டால் தட்ட வேண்டும். அடுத்த வீட்டுச் சீன அக்காவை மட்டும் நான் கூப்பிடவில்லை. தோன்றவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் மேல் எனக்குச் சந்தேகம்.

என் முறை வந்த முதல் நாள், கூரைக்கடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அந்த அக்காவின் கையில் என் சுங்குடிச் சேலை! தட்டினேன் பாருங்கள், சந்தே கூடிவிட்டது. அவர் கை நிறைய எல்லார் வீட்டுத் துணியும் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"மழைலா, அக்கா! தூறுது பாருங்க."

தூறல் விழுந்தால், முதலில் பார்ப்பவர் எல்லார் துணியையும் எடுத்துவிடுவது எங்கள் சந்தின் வழக்கம். இப்போது நான் இருக்கும் கிளமெண்டி அடுக்குமாடியில் அப்படி யார் எடுக்கிறார்கள்? நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. அன்று திருட்டு பயத்தில் அதை நானே மறந்திருந்தேன். சீன அக்கா துணிகளை முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று மலாயில் சொன்னார். ஆனால் அடுத்த மழைக்குத் தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டார். சொட்டச் சொட்டத் தொங்கிய என் சேலையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து தூறல் விழுந்தால் அவர் துணியைத்தான் முதலில் எடுத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பல வாரங்கள் கழித்து, என் முறையன்று தேக்கா சந்தைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. துணியும் போச்சு, காவலும் போச்சு என்று தொப்பலாக நனைந்து ஓடிவந்தேன். முக்காலியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் தாம்பாளம், அதில் மடித்து வைத்த என் சேலை, கையில் கரண்டி.

"லம்பாட்!" என்று அதட்டினார், இவ்வளவு தாமதமா என்று.

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். கரண்டியை வாங்கக் கை நீட்டினேன். இன்று தன் முறை என்பதுபோல் அவர் தரவில்லை.