றுகையாவின் தொலைபேசியில் ஒரு சிங்காரி

மருதமுனையில் ஒரு பெண் மௌத்தானால், அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட முதலில் தேடப்படுகிறவள் றுகையா. பிழைப்புக்குத் தையல். அபாயா, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பாள். குளிப்பாட்டுவதற்கு மட்டும் ஒரு சதமும் வாங்கமாட்டாள். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்துத்தான் ஊற்றுவாள். குளிப்பாட்டிய வீட்டில் கண்டதை வெளியே கதைக்கமாட்டாள். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே ஊர்ப் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே அவளிடம் சொல்லிவைத்துவிடுவார்கள். கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் சேர்ந்து புரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "ராத்தா, எனக்கு நீங்கதான், மறந்திடாதீங்க" என்பார்கள். "மறக்கல்ல, நீங்க இறைச்சிய எடுங்க" என்பாள் அவள்.

கூப்பிடாமல் போகமாட்டாள் என்பது அவளுடைய சட்டம். பக்கத்து வீட்டு மௌத்தைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்துவிட்டாலும், அந்த வீட்டார் அழைக்கும் வரை தையல் மெசினை விட்டு எழும்பமாட்டாள். ஒரு பெண்ணின் உடம்பை யார் தொடுவது என்பதை அவளும் அவளைச் சேர்ந்தவர்களும்தான் சொல்லவேண்டும், தானாகப் போய் நிற்க எவருக்கும் உரிமை இல்லை என்பது றுகையாவின் கட்சி. ஆகவே அவளுக்குத் தொலைபேசிதான் எல்லாம்.

அந்தத் தொலைபேசிக்குத்தான் கம்பெனிக்காரன் அன்பளிப்பு அனுப்பினான். ஏற்கெனவே அவன் தினமும் ரிஷப ராசிக்குப் பலன் அனுப்பிக்கொண்டிருந்தான். றுகையாவுக்கு ராசி கிடையாது என்பது அவனுக்குப் பொருட்டில்லை. அந்தக் குப்பைக்குள் ஒரு செய்தி, இனிமேல் உங்களை அழைப்பவர்கள் ஓர் இலவசப் பாட்டைக் கேட்டு மகிழ்வார்கள் என்று ஆங்கிலத்தில் வந்து கிடந்தது. அவள் வாசிக்கவில்லை. பாட்டும் அவளுக்குக் கேட்காது, அழைக்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். சைக்கிளில் மீன் விற்கிறவர் கேட்காத வீட்டுக்குள் ஒரு சூரையை எறிந்துவிட்டுப் போனால் ஊர் கூடி அவரை ஏசும். ஒருத்தியின் வாசலில் அவளுக்கே தெரியாமல் கச்சேரி வைத்துவிட்டு, அதற்கு அன்பளிப்பு என்று பெயரும் சூட்டுகிறவனுக்கு நாம் மாதாமாதம் காசு கட்டுகிறோம்.

மேளத்தோடு தொடங்கும் அந்தப் பாட்டு: "சீக்கிரமா வா மாமா, சிங்காரி காத்திருக்கேன்."

உம்மாவைப் பறிகொடுத்த ஒருவர் அழுதபடி றுகையாவை அழைத்தார். சிங்காரி காத்திருந்தாள். எண் தவறிவிட்டது என்று மறுபடி அழைத்தார். அப்போதும் அவளே காத்திருந்தாள். துண்டித்துவிட்டுச் சாய்ந்தமருதிலிருந்து வேறொருத்தியைக் கூட்டிவந்தார். இப்படியே இன்னும் சில வீடுகள். றுகையாவுக்கு மௌத்துச் செய்தி என்றால் கொண்டாட்டம் என்று ஊரில் கதை பரவியது. பள்ளிவாசலில் ஸிராஜ் ஹாஜியார், பெண்களின் தொலைபேசியும் பாட்டும் என்று ஒரு நீண்ட உபதேசமே செய்தார். அதில் கம்பெனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. குற்றவாளி கொழும்பில் இருந்தால், ஏச்சு வாங்குவதற்கு உள்ளூரில் ஒரு பெண்ணைப் பிடிப்பது நம் வழக்கம்.

றுகையாவுக்கு எதுவும் விளங்கவில்லை. கடைசியில் முஸ்பிறாதான் வந்தாள். ஒரே வகுப்பில் படித்த சினேகிதி, நெஞ்சு வருத்தக்காரி, எல்லோருக்கும் முதல் சொல்லிவைத்தவள்.

"றுகையா, உனக்கிட்டச் சொல்லிவச்சதெ நான் திருப்பி எடுக்கிறன்கா."

"எதெ?"

"என்னெக் குளிப்பாட்டுறதெ. வேற ஆளப் பாத்துக்கிறன்."

மெசினை மிதித்த கால் நின்றது. "நான் என்ன பிழை செஞ்ச?"

"உம்மா மௌத்தாகிட்டாவெண்டு என்ட மகன் அழுதழுது உனக்குக் கோல் எடுப்பான். அந்த நேரத்தில அவனுக்குச் சிங்காரி காத்திரிக்கணுமா?"

"எந்தச் சிங்காரிகா?"

முஸ்பிறா தன் தொலைபேசியில் அழைத்து அவள் காதில் வைத்தாள். மேளம் அதிர்ந்தது. மெசினுக்குப் பக்கத்தில் றுகையாவின் தொலைபேசி ஒன்றும் அறியாததுபோல் சிணுங்கியது. பாட்டை அவள் முடியும்வரை கேட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் சீனிமுகம்மது மெதுவாகக் கேட்டார். "அப்ப அது எனக்கு வச்சதில்லயா?"

ஒலுவில் துறைமுகத்தில் வேலை செய்யும் மனிதர், கொஞ்ச நாளாக ஒரு காரணமுமில்லாமல் அவளுடைய தொலைபேசிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் றுகையா கல்முனையிலுள்ள கம்பெனியின் கிளைக்குப் போனாள். கவுண்டரில் ஆகிலா என்ற இளம்பெண் சிரித்தபடி இருந்தாள்.

"இது கொம்பனிட அன்பளிப்பு ராத்தா. உங்களுக்கு ஒரு சல்லியும் வெட்டுப்படாது."

"நான் கேட்டனா மகள்?"

"கேக்காமக் குடுக்கிறதானே அன்பளிப்பு."

"நிப்பாட்டுங்க."

"இஞ்ச ஏலா, கொழும்புக்கு எழுதணும். வேணுமெண்டா வேற பாட்டு மாத்தித் தாறன். சோகப் பாட்டும் இரிக்கி."

றுகையா ஏசவில்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். "கொஞ்சம் எழும்புங்க மகள்."

ஆகிலா எழும்பினாள். றுகையா கவுண்டரைச் சுற்றி உள்ளே போய் உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தாள். தோளின் அகலம் பார்த்தாள்.

"அபாயாவா? ஏன் ராத்தா உங்களுக்குக் கரைச்சல்."

"கரைச்சலில்ல. நானும் ஒரு அன்பளிப்புத் தாறன்."

"கை அளவு எடுக்கல்லயே?"

"இதுக்குக் கை வாறல்ல மகள்."

"கையில்லாத அபாயாவா?"

வரிசையில் நின்ற மனுஷி ஒருத்திக்குத் தாங்கவில்லை. "புள்ள, அவ மையித்துக் குளிப்பாட்டுற றுகையா. அது மையித்துக்கு உடுத்திற கபன் துணிக்கு அளக்கிறா."

ஆகிலா பொத்தென்று கதிரையில் இருந்தாள். "நான் இதெக் கேக்கல்லயே ராத்தா."

"நானும் இந்த வேலைய இலவசமாத்தான் செய்யிறன் மகள். ஆனா கேக்காம இதுவரைக்கும் ஒராளையும் தொட்டதில்ல. உங்கட கொம்பனியப் பாத்துத்தான் இண்டைக்குத் தொடங்கிறன். துணி வெள்ளை, நல்ல துணி. ஒரு சல்லியும் வெட்டுப்படாது."

கொழும்புக்கு எழுதவேண்டிய வேலை ஆகிலாவின் கணினியிலேயே முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தொலைபேசியையும் நீட்டினார்கள். நாடா சுருட்டப்படாமல் மேசையில் கிடந்ததால் எல்லோருக்கும் மரியாதையாக வேலை நடந்தது.

அங்கிருந்து நேரே முஸ்பிறா வீடு. முஸ்பிறா அழைத்தாள், கண்ணை மூடிக் கேட்டாள். வெறும் மணிதான் ஒலித்தது. நம்பாமல் இன்னொரு தரம் அழைத்தாள்.

"இப்ப சரியா?"

"சரிதான். ஆனா சும்மா சொல்லக்கூடா, அந்தப் பாட்டு நல்லாத்தான் இரிந்த."

"முஸ்பிறா."

"ஓம்கா, நீதான் குளிப்பாட்டணும். அதுக்காக எப்ப கோல் வருமெண்டு பாத்துக்கிட்டு இரிக்காத."

"எனக்கென்ன அவசரம். எழும்பிப் பிளேன்டி ஊத்துகா."