“செலுத்துக” என்ற ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம். என் தையல் எந்திரம் விற்றுப்போயிற்றா என்று நம் குழுவில் காலையிலேயே கேட்டிருந்தீர்கள். இவ்வளவு தாமதமாக மறுமொழி எழுதுவதைப் பொறுத்தருள்க.

விற்கவில்லை.

இணையத்தில் என் விளம்பரத்தைக் கண்டதாக ஒருவர் அழைத்தார். பேரமே பேசவில்லை.

“முழுப் பணத்தையும் இப்பவே போட்டுர்றேங்க்கா. அன்னவாசலுக்கு வண்டி அனுப்பி எடுத்துக்குறேன். நான் அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ஒங்க பின் நம்பரைப் போடுங்க, காசு வந்துரும்.”

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குச் சேர்த்தது முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நானோ ஸ்கேன் செய்து, எண்ணை அழுத்தவும் விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

என் கைபேசி தமிழில் இயங்குவது. திரையில் “செலுத்துக” என்றிருந்தது.

“எனக்குப் பணம் வருவதாயின் ‘பெறுக’ என்றல்லவா இருக்க வேண்டும்?” என்றேன்.

“தமிழ்ல தப்பாப் போட்டுருக்காய்ங்கக்கா. இங்கிலீஷுக்கு மாத்திட்டு அமுக்குங்க.”

“தமிழில் பிழையில்லை, தம்பி.”

“நீங்க என்ன, தமிழ் டீச்சரா?”

“எட்டாம் வகுப்போடு நின்றவள். மீதியை நானே படித்துக்கொண்டேன்.”

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணே தேவையில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதை அறியாதிருந்த வேளையில் ஒரேயொரு வினைச்சொல் என் மகளின் படிப்பைக் காத்துவிட்டது! அந்த மலைப்பு இன்னும் நீங்கவில்லை.

உங்கள் கைபேசியில் அவ்விடத்தில் என்ன சொல் இருக்கிறது? ஆங்கிலத்தில் வைத்திருப்போரும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, விரைவில் பதிலிட வேண்டுகிறேன்.