ஏழடித் தொட்டியும் நான் கேட்ட காற்றும்

என் கணவர் அருள் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தபோது எங்களுக்குத் திருமணமாகி மூன்று மாதம் நிறையவில்லை. விழுந்தார் என்பதுகூடச் சரியில்லை. உட்கார்ந்தார். ஏணியைப் பிடித்த கை மட்டும் சற்று நேரம் மேலே இருந்தது. பிறகு அதுவும் நழுவியது. இரண்டடிச் சதுர வாயின் ஓரத்தில் முழங்காலிட்டு, டார்ச்சைப் பிடித்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாப்பாரப்பட்டியில் அருளின் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீடு அது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தபின் சுவரெல்லாம் பொரிந்து கிடந்தது. கல்யாணம் நடத்தாத தவக்காலத்துக்கு முன்பே கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மாலை நேரங்களில் நாங்களே சுரண்டி, பூசி, வண்ணம் அடித்தோம். அருள் தருமபுரியில் பள்ளி ஆசிரியர். ஆறடி உயரம். சமையலறை அலமாரியைத் தன் உயரத்துக்கு அடித்துவிட்டு, "உனக்கு எட்டாத எடத்துல இருந்தாத்தான் சர்க்கரை மாசக் கடைசி வரைக்கும் வரும்" என்றார். அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். குடும்பம் நடத்துவதை நாங்கள் கற்றுக்கொண்டிருந்த விதம் அது.

குடிநீர் தினமும் வராத தெரு என்பதால் வாசலில் ஏழடி ஆழத்துக்குத் தொட்டி கட்டினோம். புனித வாரம் தொடங்கும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின திங்களன்று மேல்தளம் போட்டார்கள். கான்கிரீட்டைத் தாங்க உள்ளே பலகைகளும் சவுக்குக் கம்புகளும் நின்றன. மேஸ்திரி பீட்டரும் எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர். புனித வாரத்தில் அவர் சுத்தியலைத் தொட மாட்டார். ஆண்டவருக்கு ஆணி அடித்த வாரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது என்பது அவர் குடும்ப வழக்கம். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. உள்ளே நின்ற பலகைகளைப் பிரிக்காமலே தொட்டி வாயின் மேல் தகரத்தைப் போட்டு, தார்ப்பாயால் மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார். காய்ந்துவிடக் கூடாதென்று நாங்கள் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்தும் மேஸ்திரி ஊரிலிருந்து திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை வந்து செபித்து வீடு மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் பலகைகளைப் பிரித்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று வியாழக்கிழமை அருள் விடுப்பு எடுத்தார். தார்ப்பாயையும் தகரத்தையும் விலக்கினோம். தொட்டி பதினேழு நாள் மூடிக் கிடந்திருந்தது.

"உள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் திறந்து வெக்கலாங்க" என்றேன்.

"இது என்ன செப்டிக் டேங்கா? புதுத் தொட்டி. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி பாக்கல. நீ பேப்பர்காரி, எதப் பாத்தாலும் உனக்குச் சாவுச் செய்திதான்."

நானும் சிரித்தேன். ஆறு வருடம் ஒரு நாளிதழின் பகுதி நிருபராக இருந்தவள் நான். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளை மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றிலும் 'விஷவாயு தாக்கி' என்றே எழுதினேன். அசுத்தம் இருந்தால்தான் ஆபத்து என்று நானே நம்பியிருந்தேன். மூடிய தொட்டிக்குள் ஈரப் பலகை பூஞ்சணம் பிடித்து அழுகும்போது அங்கிருக்கும் உயிர்க்காற்றையே தின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அருள் ஏணியில் இறங்கினார். முதல் பலகை மேலே வந்தது. வாங்கி வைத்தேன். இரண்டாவதும் வந்தது. "தல சுத்துது ஸ்டெல்லா" என்றார். மேலே வாங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

என் வலது கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியாது. அப்போதுதான் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது: 'காப்பாற்ற இறங்கியவரும் பலியானார்.' மூன்று செய்தியிலும் அந்த வரி இருந்தது.

என் வாழ்நாளில் செய்த கடினமான காரியம் அந்தக் காலை வெளியே எடுத்ததுதான். நான் எடுத்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "ஆண்டவரே, என்னைப் பிடிச்சுக்கோ" என்றேன். கால் வெளியே வந்தது.

கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தண்ணன் மல்பெரித் தழைக் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எட்டிப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் தொட்டி வாயின் குறுக்கே படுத்துக்கொண்டேன்.

"நகரும்மா!"

"எறங்காதீங்கண்ணா. உள்ள காத்து இல்ல. நீங்களும் திரும்பி வர மாட்டீங்க."

"பைத்தியமா உனக்கு? உள்ள கெடக்கறது கட்டுன புருசன்மா!"

"தெரியுங்கண்ணா."

"அப்ப பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றியா?"

அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் தளத்தின் விளிம்பை விடவில்லை. அவர் மனைவி லட்சுமியக்கா 108-க்கும் தீயணைப்புக்கும் போன் செய்துவிட்டு, "இருபது நிமிசமாவும்ங்கறாங்க" என்று அழுதார். இருபது நிமிடத்தில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

பயத்தில் எனக்கு ஒரு செபமும் வரவில்லை. சிறு வயதிலிருந்து சொன்ன பரலோக மந்திரத்தின் முதல் வரிகூட நினைவில் இல்லை. "இயேசுவே, காத்து குடு. காத்து குடு" என்று மட்டும் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

அப்போது தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. கிணற்றுப் பாறை உடைக்கும் கம்ப்ரஸர் டிராக்டர். கோவிந்தண்ணன் நடுத்தெருவில் போய்க் கையை விரித்து நின்றார்.

ஓட்டிவந்தவர் முனியப்பன் என்பவர். தொட்டிக்குள் ஒரே ஒரு முறை பார்த்தார். "யாரும் எறங்கலையே? நல்லதாப் போச்சு" என்றபடி காற்றுக் குழாயை உருவி உள்ளே விட்டார். எஞ்சின் இரைந்தது. கோவிந்தண்ணன் "எறங்குய்யா" என்று பதறினார்.

"இருங்கண்ணா. கெணத்துல வெடி வெச்சா புகையக் காத்தடிச்சு வெளிய தள்ளிட்டுத்தான் எறங்குவோம். அதே கதைதான் இது. ஆளு மூஞ்சிக்கிட்டத்தான் காத்து போவுது, பயப்படாதீங்க."

அவர் காத்திருந்தது இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அருளின் அக்குளுக்கடியில் இன்னொரு கயிற்றைப் போட்டார். நாங்கள் மூவரும் இழுத்தோம். அருளின் உதடு நீலமாக இருந்தது. மார்பு ஏறியிறங்குகிறதா என்று பார்க்கக் கன்னத்தை வைத்தேன். மிக மெதுவாக ஒரு மூச்சு வந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "உயிர் இருக்கும்மா. மூளைக்கு எவ்வளவு பாதிப்புன்னு கண் முழிச்சாத்தான் தெரியும்." அந்த இரண்டு நாள் பயம் தொட்டி வாசலில் இருந்த பயத்தைவிடப் பெரியது. என்னைத் தெரியாத ஒருவராக அவர் விழித்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பங்கிலிருந்து வந்தவர்கள் வராந்தாவில் செபமாலை சொன்னார்கள். லட்சுமியக்கா தீர்த்தமலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி என் கையைப் பிடித்தார். நானும் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அருள் கண் திறந்தார். நர்ஸ், "இது யாருன்னு தெரியுதா?" என்று என்னைக் காட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியாம என்ன? அலமாரிக்காகச் சண்ட போட்டவ."

தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முனியப்பன் அன்று எங்கள் தெருவுக்கு வர வேண்டியவரே அல்ல. குழாய் பதிக்கப் பெரிய சாலையைத் தோண்டியிருந்ததால் இந்தப் பக்கம் திரும்பியவர். நிருபராக இருந்தால் 'தற்செயலாக' என்று எழுதியிருப்பேன். நான் காற்றைக் கேட்டேன், காற்று வந்தது. இதற்கு வேறு சொல்லைத் தேட எனக்கு விருப்பமில்லை.

நான் செய்தி எழுதிய அந்த வீடுகளிலும் யாரோ இப்படித்தான் கதறியிருப்பார்கள். அவர்களுக்கு ஏன் வரவில்லை? தெரியவில்லை. கடவுளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்காததால் நன்றி சொல்வதை நிறுத்தவும் என்னால் முடியவில்லை.

ஒரு மாதம் தள்ளி வீடு மந்திரித்தோம். இப்போது தினமும் இருவரும் சேர்ந்து செபிக்கிறோம். கட்டட வேலை நடக்கும் வீடுகளை விசாரித்து, பீட்டர் மேஸ்திரியும் நானும் போய்ச் சொல்கிறோம்: தொட்டியைத் திறந்து வையுங்கள், காற்றடியுங்கள், யாரும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். மேஸ்திரி இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார். தவறு அவருடையது மட்டுமல்ல, எங்கள் மூவருடையதும்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது செபம் மறந்துபோகும் அளவுக்குப் பயம் வரலாம். வந்தால் வெட்கப்படாதீர்கள். அழகான வார்த்தை வேண்டாம். எது இல்லையோ அதன் பேரைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் செவிசாய்க்கிறார். எனக்குச் செவிசாய்த்தார்.